தூக்கம் கடையில் கிடைக்குமா?

(குன்னூரில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச அழைத்துவிட்டு, தலைப்பையும் 'தூக்கம்' என்றே வைத்துக்கொள்ளச் சம்மதித்த செயலாளரின் துணிச்சலைப் பாராட்டுகிறேன். யாராவது கண் அசந்தால் நான் வருத்தப்பட மாட்டேன். பேச்சு பலித்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வேன்.

"நீ மெக்கானிக்கல் ஆளு. டாக்டர் பேச வேண்டிய விஷயத்தை நீ ஏன்ப்பா பேசறே?" என்று என் வகுப்புத் தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2011-ல் இந்தக் கல்லூரியை விட்டுப் போனதிலிருந்து தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களோடுதான் என் பிழைப்பு. அந்த வேலையில் பாதி ராத்திரியில் நடக்கும். தூங்காதவர்களோடு பழகிப் பழகி, தூக்கத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மோட்டார் வாங்கப் போனால் நாம் முதலில் எதைப் பார்ப்போம்? நேம்பிளேட்டைப் பார்ப்போம். எத்தனை எச்.பி., எத்தனை வோல்ட், எத்தனை ஆர்.பி.எம். என்று தெரியாமல் பத்து பைசா கொடுக்க மாட்டோம். ஆனால் ராத்திரி படுக்கப் போகும்போது வாயில் போடுகிற பொருளை மட்டும் நேம்பிளேட் பார்க்காமல் வாங்குகிறோம். இன்றைக்கு நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் விளக்கம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்துத் தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாரும் என் பேச்சைக் கேட்டுவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும் அளவுக்கு ஆபத்து உண்டு. குறைப்பதானாலும் டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

சரி, கடைக்குப் போவோம். ஊட்டி சேரிங் கிராஸிலும் கமர்ஷியல் ரோட்டிலும், இங்கே குன்னூர் பெட்போர்டிலும் எண்ணெய்க் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். நீலகிரித் தைலம், விண்டர்கிரீன், சிட்ரோடோரா, ஜெரேனியம், லாவெண்டர் என்று சின்னச் சின்ன பாட்டில்கள். முன்பெல்லாம் டூரிஸ்ட்டுகள் சளிக்கும் மூட்டு வலிக்கும் கேட்பார்கள். இப்போது, "தூக்கம் வர்றதுக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறார்கள். கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுக்கிறார். பக்கத்து டீக்கடையில் கேமோமைல் பூ, மெடிக்கல் ஷாப்பில் அலர்ஜி மாத்திரை, செல்போனைத் தட்டினால் அஸ்வகந்தா மாத்திரை, மெலடோனின் கம்மி மிட்டாய். கேட்பவர் இருந்தால் கொடுப்பவரும் இருப்பார். கேட்கிறவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. நாலு நாள் தூங்காதவனுக்குத்தான் தெரியும் அந்த வேதனை.

வாங்குவதற்கு முன்னால் தூக்கம் என்ற இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடுவோம். இரண்டு விசைகள் இருக்கின்றன. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தூக்கத்துக்கான அழுத்தம். பாய்லரில் பிரஷர் ஏறுவது மாதிரி. இரண்டாவது, உடம்புக்குள் ஓடும் கடிகாரம். வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது நேரம் சரி செய்துகொள்கிறது. இருட்டினால் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரந்து, 'ராத்திரி ஆச்சு' என்று உடம்புக்குத் தகவல் சொல்லும். அந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. அழுத்தமும் கடிகாரமும் ஒரே நேரத்தில் கூடி வந்தால் தூக்கம் தானாக வரும்.

இந்த இரண்டையும் கெடுக்க நம் மலையில் ஒரு பொருளும், நம் பையில் ஒரு பொருளும் இருக்கின்றன. மலையில் இருப்பது தேயிலை. அதில் உள்ள கேஃபின், அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். பிரஷர் குறையவில்லை, மீட்டர் முள்ளைப் பிடித்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். குடித்த கேஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் கேஃபின் கொடுத்துப் பார்த்தார்கள்; தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது என்று 2013-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. ஒரு கப் டீயில் அதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் நம்மில் எத்தனை பேர் ஒரு கப்போடு நிறுத்துகிறோம்? பையில் இருப்பது செல்போன். அதன் வெளிச்சமும், அதில் வரும் செய்தியும், கடிகாரத்துக்கு 'இன்னும் பகல்தான்' என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

தேயிலையை உலகத்துக்கு அனுப்புகிற மலை, தூக்கத்தையும் பாட்டிலில் அடைத்து விற்கிறது. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

இனி விற்கப்படும் சரக்கை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் போன்ற அசல் தூக்க மாத்திரைகளுக்கு நம் நாட்டில் கெடுபிடி உண்டு. 2014 மார்ச்சிலிருந்து இவை எச்-1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. எழுதிய டாக்டர், வாங்கியவர், எவ்வளவு என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். "என்ன சார், ஒரு மாத்திரைக்கு இவ்வளவு கெடுபிடியா?" என்று கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள். அவர் செய்வது சரி. சோல்பிடெம்மில் அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது. காரணம், காலையில் எழுந்து கார் ஓட்டும்போதும் ரத்தத்தில் மருந்து மிச்சம் இருந்தது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு வண்டியை எடுக்கும்போது அந்த 5 மில்லிகிராம் வித்தியாசம் என்ன செய்யும் என்று புரியும்.

அடுத்தது அலர்ஜி மாத்திரையும் இருமல் சிரப்பும். சளிக்குக் கொடுத்த மாத்திரை தூக்கம் வரவழைக்கிறது என்று கண்டுகொண்டு, சளி போன பிறகும் தினமும் போடுகிறவர்கள் நிறைய. மூத்தவர்களே, உங்களுக்குத்தான் இது. இருமல் சிரப்புகளில் வரும் டைபென்ஹைட்ரமின் 1940களில் கண்டுபிடித்த பழைய மருந்து. அதைத் தினமும் எடுத்தால் மூன்று நான்கு நாளிலேயே உடம்பு பழகிவிடும், தூக்கம் வராது. ஆனால் வாய் உலர்வது, சிறுநீர் அடைப்பது, மறதி, தடுமாறி விழுவது எல்லாம் வயதானவர்களுக்குத் தொடரும். வயதானவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் இந்த ரகத்தை அமெரிக்க முதியோர் மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். குளிருக்கு ஒரு பெக் போட்டுவிட்டு இதையும் போடுகிறவர்களிடம் தனியாகப் பேச வேண்டும்.

மூன்றாவது மெலடோனின். 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரான் லெர்னர் பிரித்தெடுத்தது. அமெரிக்காவில் 1994 சட்டத்துக்குப் பிறகு உணவுத் துணைப்பொருளாகக் கடை அலமாரிக்கு வந்துவிட்டது. பிரிட்டனில் சீட்டு வேண்டும். தேசம் விட்டுத் தேசம் பறந்து கடிகாரம் குழம்பியவர்களுக்கு இது உதவும். சாதாரணத் தூக்கமின்மைக்கு? 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013-ஆம் வருஷக் கட்டுரை ஒன்று, சராசரியாக ஏழு நிமிஷம் முன்னதாகத் தூக்கம் வருகிறது என்றது. ஏழு நிமிஷம்! இன்னொன்று கேளுங்கள். 2023-ல் அமெரிக்காவில் 25 மெலடோனின் கம்மி மிட்டாய்களைச் சோதித்தார்கள். 22-ல் லேபிளில் போட்டதும் உள்ளே இருந்ததும் பொருந்தவில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை. மற்றவற்றில் சொன்ன அளவில் 74 சதவீதத்திலிருந்து 347 சதவீதம் வரை இருந்தது. 5 எச்.பி. என்று எழுதி 17 எச்.பி. மோட்டாரைக் கொடுத்தால் நம் பேனல் போர்டு என்ன ஆகும்?

"அதுக்குத்தான் தம்பி, நாங்க நேச்சுரலா சாப்பிடறோம்" என்பீர்கள். வாருங்கள், இயற்கைக்கு வருவோம். பாட்டி கொடுத்த ஜாதிக்காய்ப் பாலையும் கசகசாப் பாலையும் நான் கேலி செய்ய மாட்டேன். சித்த மருத்துவத்தில் அமுக்கரா சூரணம் காலம் காலமாக இருக்கிறது. அந்த அமுக்கராதான் அஸ்வகந்தா. அதைப் பற்றி நடந்த சின்ன ஆய்வுகள் சிலவற்றில் தூக்கம் ஓரளவு மேம்பட்டதாகத் தெரிகிறது. அதே சமயம், சிலருக்கு ஈரல் பாதித்ததாக மருத்துவ இதழ்களில் செய்திகள் வந்தன. டென்மார்க் 2023-ல் அதைத் தடை செய்தது. வைத்தியர் நாடி பார்த்து, ஆளைப் பார்த்து, இத்தனை நாளைக்கு என்று கொடுப்பது ஒரு விதம். செல்போனில் ஆர்டர் போட்டு மாசக்கணக்கில் விழுங்குவது வேறு விதம். சர்ப்பகந்தா வேரைப் பாருங்கள். மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் அது கேட்கிறது என்று 1931-ல் கல்கத்தா மருத்துவர்கள் சென்னும் போஸும் எழுதினார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரிசர்பின் பிரித்தெடுத்தார்கள். அருமையான மருந்து. ஆனால் அதைச் சாப்பிட்ட சிலருக்குக் கடுமையான மனச்சோர்வு வந்தது. அந்த வேரும் இயற்கைதான்.

நம் ஊர் எண்ணெய்க்கும் இதே கணக்குத்தான். யூகலிப்டஸ் மரம் இந்த மலைக்கு வந்தது 1843-ல், கேப்டன் காட்டன் என்ற பொறியாளர் மூலம். நம் இனத்தவர்தான்! மூக்கடைத்துக் கிடப்பவருக்கு அதன் வாசனை இதமாக இருக்கும். மூச்சு லேசானால் தூக்கமும் வரலாம். லாவெண்டர் வாசனையும் சிலருக்கு மனசை லேசாக்கும். ஆனால் தைலத்தைக் குழந்தையின் மூக்கில் தடவாதீர்கள், வாயில் விடவே விடாதீர்கள். தைலத்தால் சிலருக்கு வலிப்பு வந்ததை பெங்களூர் மருத்துவர்கள் 2017-ல் எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் பச்சிலையை எப்போது நம்பலாம்? அதற்குப் பதில் தேட வெளிநாடு போக வேண்டாம். இந்த மலையிலேயே இருக்கிறது. 1860களில் பிரிட்டிஷ்காரர்கள் சின்கோனா மரத்தைத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டார்கள். ஊட்டி அரசுத் தோட்டத்தின் மெக்ஐவர்தான் பொறுப்பு. மலேரியாக் காய்ச்சலுக்குப் பட்டை மருந்து. மரம் வளர்ந்தது. ஆனால் ஒரு மரத்துப் பட்டையில் இருக்கும் சத்து இன்னொரு மரத்தில் இல்லை. ரகத்துக்கு ரகம், உயரத்துக்கு உயரம், பட்டையின் வயதுக்கு வயது மாறியது. உரித்த இடத்தைப் பாசியால் மூடினால், புதிதாக வளரும் பட்டையில் குயினின் கூடுகிறது என்று மெக்ஐவர் கண்டார்.

கூடுகிறது என்று எப்படித் தெரிந்தது? அளந்ததால் தெரிந்தது. அதற்கென்றே 1866-ல் பிராட்டன் என்ற வேதியியலாளரைச் சென்னை அரசு 'குயினாலஜிஸ்ட்' என்ற பதவியில் இந்த மலைக்கு அனுப்பியது. பட்டையில் என்னென்ன, எத்தனை சதவீதம் என்று பார்ப்பதே அவர் வேலை. அதே 1866-ல் அரசு ஒரு குழுவை அமைத்து, பட்டையின் நான்கு சத்துகளைத் தனித்தனியாக, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. நான்குமே ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்தன. அதன் பிறகுதான் மலிவான சத்துகளையும் தைரியமாகக் கொடுக்க முடிந்தது. குயினினும் அளவு கூடினால் காதில் இரைச்சல் வரும், பார்வை மங்கும். மரம் இயற்கையானது என்பதால் அது மருந்தாகவில்லை. இவ்வளவு கொடுத்தால் இது நடக்கும் என்று அளந்து சொன்ன பிறகே மருந்தானது. நூற்று ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த மலையில் செய்த வேலையை, இன்றைக்குத் தூக்கம் விற்கிறவர்களிடம் நாம் கேட்கக் கூடாதா?

அளக்காமல், சோதிக்காமல் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரம் உண்டு. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மருந்து கடைக்கு வந்தது. சீட்டு வேண்டாம், ரொம்ப சாது என்று விளம்பரம். கர்ப்பிணிகளும் சாப்பிட்டார்கள். 1961 நவம்பரில் அதைத் திரும்பப் பெறுவதற்குள், உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் ஊனத்தோடு பிறந்ததாகக் கணக்கிடுகிறார்கள்.

இப்போது தொழிற்சாலைக்கு வருகிறேன். பகலில் பறித்த பச்சை இலை சாயங்காலம் வந்து சேரும். ராத்திரி முழுக்க ட்ரஃபில் வாட வேண்டும். விடிவதற்குள் சி.டி.சி. ரோலர் ஓட ஆரம்பிக்கும். நான் சர்வீசுக்குப் போன ஓர் இடத்தில் ஐம்பது வயது ஃபிட்டர் ஒருவர் இருந்தார். பகலில் தூக்கம் வராமல், யாரோ சொன்ன அலர்ஜி மாத்திரையை மத்தியானம் போட்டுக்கொள்வார். ஒரு ராத்திரி ரோலர் பக்கத்தில் கண் சொருகிவிட்டது. கூட இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் கை போயிருக்கும். "என்ன சார் பண்றது? மாத்திரை போடாட்டி தூங்கறதே இல்ல. போட்டா எழுந்திரிக்கவே முடியல" என்றார்.

அவருடைய ராத்திரியைக் கணக்கு எடுத்தோம். ஷிஃப்டில் ஆறு டீ. கடைசி டீ காலை ஐந்தரைக்கு. ஆறு மணிக்கு வெயிலைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடை. கடிகாரத்துக்கு அது விடியல். ஜன்னலில் திரை கிடையாது. டாக்டரிடம் காட்டச் சொன்னோம். அவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். கடைசி டீயை ராத்திரி இரண்டு மணியோடு முடித்தார். ஜன்னலுக்குக் கறுப்புக் கம்பளி. வந்ததும் படுக்கை, தினமும் ஒரே நேரம். சூப்பர்வைசர் அவருடைய ஷிஃப்டை வாரா வாரம் மாற்றுவதை விட்டுவிட்டார். முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ராத்திரி வேலை ராத்திரி வேலைதான். ஆனால் மாத்திரை இல்லாமல் ஐந்து மணி நேரம் தூங்குகிறார். பத்து விரலும் இருக்கிறது.

டாக்டர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் வைத்தியம் மாத்திரை இல்லை, பழக்கத்தையும் எண்ணத்தையும் சீர்திருத்தும் பயிற்சி என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-லேயே சொல்லிவிட்டது. அதன் சாரத்தை எளிதாகச் சொல்கிறேன். எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். படுக்கையில் புரண்டுகொண்டே கிடக்காதீர்கள். தூக்கம் வராவிட்டால் எழுந்து வந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்பப் போங்கள். படுக்கையில் ஆபீஸ் வேலையும் செல்போனும் வேண்டாம். முக்கியமாக, பலமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று வருகிறவர்கள் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள். அந்த நோய்க்குத் தூக்க மாத்திரை ஆபத்து.

அதற்கு மேலும் கடையில் வாங்கத்தான் வேண்டும் என்றால், நேம்பிளேட்டைப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது? எத்தனை மில்லிகிராம், அதை அளந்தது யார்? எத்தனை நாளைக்கு? நான் ஏற்கெனவே சாப்பிடும் பிரஷர், சுகர், தைராய்டு மாத்திரையோடு ஒத்துப் போகுமா? இந்த நான்கு கேள்விக்கும் பதில் இல்லாத பாட்டிலை, அதன் மேல் எத்தனை பச்சை இலை படம் போட்டிருந்தாலும், அலமாரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

தம்பி தங்கைகளே, பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்கு டீ குடித்துவிட்டு, இரண்டு மணிக்குக் கம்மி மிட்டாய் சாப்பிடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரே மோட்டாருக்கு ஒரு கையில் சுவிட்சும் இன்னொரு கையில் பிரேக்கும் போட்டால் காயில் கருகிவிடும் என்று உங்களுக்கு இங்கேதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். படித்தது மனசில் பதிவதும் தூக்கத்தில்தான் நடக்கிறது.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வருஷச் சந்திப்பில் ரத்த அழுத்தம் பார்க்கும் முகாமோடு, ஒரு மருந்தாளுநரையும் உட்கார வையுங்கள். வருகிறவர்கள் வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரை, சிரப், சூரணம், தைலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரட்டும். எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம், எதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லட்டும். மேஜை நாற்காலி செலவை எங்கள் 2011 பேட்ச் ஏற்றுக்கொள்ளும்.

 வெளியே டீ தயாராக இருக்கிறது. மணி மூன்றரைதான் ஆகிறது, தாராளமாகக் குடிக்கலாம். இரண்டாவது கப்புக்கு மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.